மாடு வாங்கித் தரவா, பணமாகவே கொடுக்கவா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை ஒன்று கையில் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஓர் ஏழைக் கிராமத்துக் குடும்பத்துக்கு அதைக் கொடுக்க நினைக்கிறேன். "காசாகக் கொடுத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள். கறவை மாடோ தையல் இயந்திரமோ வாங்கிக் கொடுங்கள்" என்கிறான் மகன். பணமாகக் கொடுக்கலாமா? மொத்தமாகவா, மாதாமாதமா? மனைவி கையிலா, கணவர் கையிலா?

பதில்: பணமாகவே கொடுங்கள் அம்மா. உங்கள் மகனுக்கு இருக்கும் பயம் என்னிடம் வருகிற பலருக்கும் இருக்கிறது. அதனால் முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா பொபோவாவும் 2014-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை அலசினார்கள். பணம் வந்த வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகிற செலவு கூடியதாகத் தெரியவில்லை. சில இடங்களில் குறைந்தும் இருந்தது. ஊருக்கு ஒருவர் விதிவிலக்காக இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் சந்தேகிப்பது நியாயமில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? மேற்குக் கென்யாவில் ராரியேடா என்ற பகுதி. 2011-லிருந்து கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு அங்கே புல் கூரை வீடுகளைத் தேடித் தேடி, எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாக நேரடியாகப் பணம் அனுப்பியது. இதைச் செய், அதைச் செய் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. அந்தக் குடும்பங்களை யோஹனஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷாபிரோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். பணம் சாப்பாட்டுக்குப் போனது, ஆடுமாடு வாங்கப் போனது, சிறு வியாபாரத்துக்குப் போனது. நிறையப் பேர் கூரைக்குத் தகரம் போட்டார்கள்.

இந்தத் தகரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். புல் கூரை ஓரிரு வருடத்துக்கு மேல் தாங்காது. மறுபடியும் புல் வாங்க வேண்டும், வேய ஆள் கூப்பிட வேண்டும். இடையில் மழை பிடித்தால் ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளைகளைப் பாயோடு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுக்க வேண்டும். தகரம் பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும், மழைத்தண்ணீரையும் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் புல்லுக்குப் போன காசைக் கூட்டிப் பார்த்தால் தகரம்தான் மலிவு. அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாததல்ல. தகரம் வாங்குகிற அளவுக்குக் காசு ஒரே நேரத்தில் கையில் சேர்ந்ததே இல்லை. என் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்தான் எல்லாவற்றுக்கும் அதிக விலை கொடுக்கிறார். விதைக்கு வைத்த தானியத்தைப் பசிக்குத் தின்றுவிட்டு, விதைப்புக் காலத்தில் வட்டிக்கு வாங்குகிறார். ஆட்டை விலை ஏறும்வரை வைத்திருக்க முடியாமல் விலை விழுந்த நாளில் விற்கிறார்.

மாடு வாங்கிக் கொடுப்பதில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். மாட்டுக்குத் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வீட்டின் அவசரம் கூரையாகவோ கடனாகவோ இருந்தால் ஒரு மாதத்தில் மாடு கைமாறிவிடும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துபோகும். அவர்களுக்கு மாடுதான் வேண்டுமென்றால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள், நல்ல மாடாகப் பார்த்து.

மொத்தமாகவா, மாதாமாதமா? ராரியேடாவில் இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதாமாதம் வந்த பணம் பெரும்பாலும் சாப்பாட்டு நிலைமையைச் சீராக்கியது. மொத்தமாக வந்தது கூரை போன்று நின்று நிலைக்கும் பொருள்களாக மாறியது. 2018-ல் கென்யாவிலேயே இன்னும் பெரிய சோதனை தொடங்கியது. சில கிராமங்களுக்கு 12 வருடம் மாதாமாதம் பணம், சிலவற்றுக்கு 2 வருடம் மட்டும், சிலவற்றுக்கு ஒரே தடவை. நீண்ட காலம் பணம் வரும் என்ற உறுதி கிடைத்தவர்கள் பலர் தங்களுக்குள் சீட்டுப் பிடித்து, மாதப் பணத்தைத் தாங்களே மொத்தப் பணமாக்கிக்கொண்டார்கள்! ஏழைக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்பவர்களிடம் நான் சொல்வது இந்தச் சீட்டைப் பற்றித்தான். ஆகவே வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடே கேள்வியாக இருந்தால் மாதாமாதம் கொடுங்கள். இல்லையென்றால் பெரும்பங்கை மொத்தமாகக் கொடுங்கள்.

யார் கையில் என்பதற்குச் சுருக்கமான பதில்: ராரியேடாவில் மனைவியிடம் கொடுத்தாலும் கணவரிடம் கொடுத்தாலும் செலவு செய்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலுமே வீட்டுக்குள் அடிதடி குறைந்தது. ஆனாலும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் கொடுக்காதீர்கள். இருவரையும் வைத்துக்கொண்டே எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லிவிடுங்கள்.

என் மனதை அதிகம் அசைத்தது வேறொன்று. ராரியேடாவை உள்ளடக்கிய சியாயா மாவட்டத்தில் 10,500-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கொடுத்தார்கள். 2025-ல் வெளியான ஆய்வின்படி, அந்தக் குடும்பங்களில் ஒரு வயது நிரம்புவதற்குள் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளால் கடும் வேலையைக் குறைத்துக்கொள்ள முடிந்தது, பிரசவத்துக்கு மருத்துவமனை போக முடிந்தது. மருத்துவர் இருக்கும் மருத்துவமனை பக்கத்தில் இருந்த இடங்களில்தான் பலன் அதிகம். பணம் அந்தத் தாயை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே மருத்துவர் இருந்தாக வேண்டும், அதைப் பணம் அனுப்புகிறவர் செய்துவிட முடியாது.

இன்னொரு குறையையும் மறைக்க விரும்பவில்லை. உகாண்டாவில் 2008-ல் தொழில் தொடங்க இளைஞர்களுக்கு ஆளுக்குச் சுமார் 400 டாலர் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடியது. ஒன்பது வருடத்தில் மற்றவர்களும் அந்த வருமானத்தை எட்டிவிட்டார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. சில வருடம் முன்னாலேயே நல்ல நிலைக்கு வருவது ஒரு குடும்பத்துக்குப் பெரிய விஷயம்.

ஒரு வீட்டுக்கு மட்டும் பணம் வந்தால் பக்கத்து வீட்டுக்கு மனத்தாங்கல் வரும். ராரியேடாவிலும் பணம் கிடைக்காத அண்டை வீட்டாரின் மனநிறைவு குறைந்தது பதிவாகியிருக்கிறது. எனவே ஊரறியக் கொடுக்க வேண்டாம். புகைப்படம் வேண்டவே வேண்டாம். கடன் என்ற சொல்லையும் எடுக்காதீர்கள், கொடுத்தபின் கணக்கும் கேட்காதீர்கள்.

கடைசியாக உங்கள் பக்கக் கணக்கு. உங்களுடைய ஒரு வருடச் செலவையும் மருத்துவத்துக்கு ஒரு தொகையையும் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியிலிருந்து கொடுங்கள். மீதி இப்போது குறைவாக இருந்தால் ஒரு வருடம் பொறுத்துக் கொடுக்கலாம். மாதாமாதம் தருவதாகச் சொல்லிவிட்டு நடுவில் நிறுத்துவதுதான் கூடாது. அதை நம்பி அவர்கள் சீட்டில் சேர்ந்திருப்பார்கள்.