பக்கத்துத் தெருவில் என் கிரைண்டர்

கேள்வி: கோவை கணபதியில் பத்துப் பேரை வைத்து டேபிள் டாப் கிரைண்டர் செய்கிறேன். ஜிஎஸ்டி கட்டுகிறேன். போன தீபாவளிக்கு டிரம்மில் மூக்கு வைத்து ஒரு மாடல் போட்டேன். மாவை வழிக்க வேண்டாம், அப்படியே சாய்த்து ஊற்றலாம். ஒரே மாதத்தில், போர்டுகூட மாட்டாத ஒரு பட்டறை அதையே பில் இல்லாமல் 600 ரூபாய் குறைத்து விற்கிறது. இனி எதற்குங்க புது மாடல்?

பதில்: வயிறு எரியத்தான் செய்யும். இந்தப் புலம்பல் உங்களுடையது மட்டுமல்ல. பதிவில்லாத போட்டியாளர்கள் எந்த அளவுக்கு இடைஞ்சல் என்பதை உலக வங்கி நாடு நாடாகப் போய்க் கம்பெனிகளிடம் கேட்கிறது. இந்தியாவில் 2014-லும் 2022-லும் அந்த சர்வே நடந்தது.

இந்த நெருக்கடியில் சிலர் விலையிலேயே மோதி, மோட்டாரில் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியம் சுற்றி, பேரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அந்தப் பட்டறைக்காரர் எடுத்தது மூக்கை மட்டும்தான். கண்ணில் படுவதை நல்ல ஃபிட்டர் ஒரே வாரத்தில் செய்துவிடுவார். ஆனால் மோட்டார் வைண்டிங்கை (சுற்றிய கம்பிச் சுருளை) வார்னிஷில் முக்கி எத்தனை மணி நேரம் அடுப்பில் காயவைத்தீர்கள் என்பது பிரித்துப் பார்த்தாலும் தெரியாது. அரைகுறையாகக் காய்ந்த மோட்டார் ஈரமான சமையல்கட்டில் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த புதுமையை அந்த இடத்தில் செய்யுங்கள். வாரண்டியைக் கூட்டிக்கொடுங்கள், அதை அவரால் காப்பி அடிக்க முடியாது. ஜிஎஸ்டி பதிவுள்ள டீலருக்கும் வரிக்கழிவு எடுக்க உங்கள் பில்தான் வேண்டும்.

புது வடிவத்தை யாரும் காப்பி அடிக்காமல் உங்கள் பேரில் பதிந்துகொள்ளும் வடிவப் பதிவு? 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி 10 வருடம் பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் சந்தைக்கு விடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மூக்குக்கு நேரம் போய்விட்டது. அடுத்த மாடலுக்கு மறக்காதீர்கள். அதை வைத்துப் போர்டில்லாத பட்டறைமேல் கேஸ் போட்டு அலைவது வீண். பெரிய கம்பெனி உங்கள் வடிவத்தைக் காப்பி அடித்தால்தான் உதவும்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். 1955-இல் சபாபதி என்பவர் கோவையில் முதல் கிரைண்டரைச் செய்தார். அதைப் பார்த்து யாரும் செய்யாமல் இருந்திருந்தால் இந்த ஊரில் இத்தனை பட்டறை ஏது? உங்கள் முதல் டிரம் யாருடையதைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை.

சரி, நாளைக்கே அவர் கிரைண்டர் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். 600 ரூபாயை எங்கே மிச்சம் பிடித்தார் என்று தெரிந்துவிடும். எதையாவது உங்களைவிடச் சுலபமாகச் செய்திருந்தால், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.