குழியானைக்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு சிறிய வீடு கட்டிக் குடிவந்திருக்கிறேன். கொல்லையில் ஐந்து சென்ட் இடம் களை மண்டிக் கிடக்கிறது. விடுமுறைக்கு வந்த ஆறு வயதுப் பேத்தி, சுவரோரப் புழுதியில், எறும்பு பிடிக்கக் குழியானை என்ற பூச்சி தோண்டிய குழிகளைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் அருகில் அமர்ந்தேன். ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டது. கைபேசியில் படம் எடுத்தால் பூச்சிக்கும் பூவுக்கும் பெயர் வந்துவிடுகிறது, வியப்பு மட்டும் வருவதில்லை. சிறுவயதில் எனக்கும் அது இருந்தது. அறிவு வளர்ந்ததால்தான் போய்விட்டதா? இன்னொன்று, கறிவேப்பிலை மரத்தைப் புழுக்கள் மொட்டையடிக்கின்றன. மருந்து அடிக்க வேண்டும் என்கிறாள் மனைவி. கூடாது என்று அழுகிறாள் பேத்தி.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நம் சிறுவயதை நாம் சற்று மெருகேற்றியே நினைவில் வைத்திருக்கிறோம். தட்டானின் வாலில் நூலைக் கட்டிக் கல் தூக்கவைத்தவர்கள்தான் நாம். உடை மரத்தில் பிடித்த பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இலையோடு அடைத்து, முட்டையிடும் என்று நாள்கணக்கில் காத்திருந்தோம், அது செத்துப்போனது. செத்த பின்னும் அதன் பச்சை மின்னிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், அது பூசிய சாயம் அல்ல, சிறகுறையின் நுண்ணிய அடுக்குகள் ஒளியை எதிரொளித்துக் காட்டும் நிறம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு, தீப்பெட்டியைத் திறந்து பார்த்த நாளில் இருந்ததைவிடப் பெரியது. ஆகவே அறிவின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பேத்தியிடம் இருப்பதும் உங்களிடம் இல்லாமற்போனதும் பொழுதுதான். அவள் அந்தக் குழி என்ன செய்யப்போகிறது என்று காத்திருந்தாள். நீங்கள் அது என்ன என்று கேட்டீர்கள், கைபேசி பெயரைச் சொன்னது, அத்தோடு வேலை முடிந்துவிட்டது. பெயர் கிடைத்த இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

குழியானையையே எடுத்துக்கொள்வோம். அது பின்னோக்கி நடந்தபடி, தலையால் மணலை எற்றி எற்றி, சுற்றிச் சுற்றி அந்தக் குழியைத் தோண்டுகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தால் மணல் சரியாமல் நிற்குமோ அந்த எல்லைவரை குழியின் பக்கங்கள் சரிந்திருப்பதால், ஓர் எறும்பு கால் வைத்தாலே போதும், மண் வழுகும். மேலேறப் பார்க்கும் எறும்பின் மீது குழியானை கீழிருந்து மணலை வீசும். பிடித்ததைத் தின்பதில்லை, உறிஞ்சுகிறது. அதைவிட விந்தை, இந்தப் புழுப் பருவம் முழுவதும் அது கழிவை வெளியேற்றுவதே இல்லை. இறக்கை முளைத்து வெளிவரும் நாள்வரை உள்ளேயே வைத்திருக்கிறது. அப்படி வெளிவருவது, தட்டானைப் போலவே தோன்றி, நுனி தடித்த உணர்கொம்புகளோடு இரவில் விளக்கைத் தேடி வரும் ஒரு பூச்சி. உங்கள் வாசல் விளக்கடியில் பலமுறை அதைப் பார்த்திருப்பீர்கள், தட்டான் என்று விட்டிருப்பீர்கள்.

இனி ஆவாரம்பூ. நான்குநேரிப் பக்கம் சாலையோரமெல்லாம் மஞ்சளாக நிற்கும் இந்தச் செடியை நாம் பூ என்றே மதிப்பதில்லை. அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் எளிதில் உதிராது. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். மரத்தைக் குடைந்து கூடுவைக்கும் அந்தப் பெரிய கருவண்டு பூவைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகடிப்பதை நிறுத்திவிட்டு, பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியே தூள் கொட்டுகிறது. காலையில் ஒரு செடியருகே நின்று கேளுங்கள். பறந்து வரும்போது இருக்கும் ரீங்காரம், பூவில் அமர்ந்ததும் சட்டென்று வேறு சுருதிக்கு ஏறும். இதை அறிந்த பிறகு ஆவாரங்காட்டைக் கடந்து வேகமாக நடக்க என்னால் முடிவதில்லை.

இதற்கெல்லாம் ரோஜாத் தொட்டி தேவையில்லை, உங்கள் ஐந்து சென்ட் போதும். தும்பையும் நெருஞ்சியும் எருக்கும் தாமே வரும். தும்பைப் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடிப்பது எப்படி என்று பேத்திக்குக் காட்டுங்கள். ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் சிவந்த பட்டுத் துணுக்குகள் ஊர்ந்து வந்தால், கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு இருக்கும், பட்டுப்பூச்சி என்று நாம் சொல்லும் அது பூச்சியே அல்ல, சிலந்திக்குச் சொந்தம். சங்கப் புலவர்கள் அதை மூதாய் என்றார்கள். பிரான்சில் பூச்சிகளைப் பார்ப்பதையே வாழ்வாகக் கொண்ட ழான் ஆன்றி ஃபாபர், 1879இல், தம் 55ஆம் வயதில், கல்லும் முள்ளும் மண்டிய தரிசு ஒன்றை வாங்கி அங்கே குடியேறினார். 1915இல் 91 வயதில் இறக்கும்வரை அதுவே அவருடைய வீடு. களையெடுக்க ஆள் கூப்பிடும் முன் இதை ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

கறிவேப்பிலை வழக்கில் நான் பேத்தியின் கட்சி. முதலில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்து பிறகு பச்சையாக மாறும் புழு என்றால், அது அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை. மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நெடியடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. வளர்ந்த மரம் மறுபடி துளிர்த்துவிடும். இளங்கன்று என்றால், பாதிப் புழுக்களை எடுத்துப் பக்கத்தில் உள்ள எலுமிச்சையிலோ நாரத்தையிலோ விடுங்கள், அவையும் அதற்கு உணவுதான். நாம் தாளிக்கும் இலையில் நஞ்சைத் தெளிப்பது எப்படியும் சரியல்ல. குழம்புக்கு வேண்டியதை, புழு இல்லாத கிளையில் பறித்துக்கொள்ளும்படி ஆச்சியிடம் பேத்தியே சொல்லட்டும்.

அன்புடன்.