சிங்க்திங் மக்கர் செய்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கணினிகளுக்கிடையே ஃபைல்களை ஒத்திசைக்கும் சிங்க்திங்கை, ஒரே வைஃபையில் உள்ள இரண்டு உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். கனெக்ட் ஆகிறது, ஆனால் 'ரிலே' என்று காட்டி ஆமை வேகத்தில் போகிறது.

பதில்: ரிலே என்றால், பக்கத்து மேஜைக்குப் போக வேண்டிய ஃபைல் இணையத்தில் இருக்கும் ஒரு சர்வரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. குறியாக்கம் இருப்பதால் யாரும் படிக்க முடியாது, வேகம்தான் போய்விடும். இரண்டு ஃபயர்வாலிலும் 22000 போர்ட்டை டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறங்கள். 21027-ஐ யூடிபிக்குத் திறங்கள். ஒரே நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் லோக்கல் டிஸ்கவரி அதில்தான் நடக்கிறது, பலரும் மறப்பது இதைத்தான். அப்படியும் ரிலேதானா? ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் வசதி) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். கெஸ்ட் வைஃபையில் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: வெளி ஹார்டு டிஸ்கில் உள்ள போட்டோ ஃபோல்டர் 'ஃபோல்டர் மார்க்கர் மிஸ்ஸிங்' என்று நின்றுவிட்டது சார். மார்க்கராக, அதாவது அடையாளமாக, சிங்க்திங் வைக்கும் அந்த '.எஸ்டிஃபோல்டர்' டைரக்டரியை நானே உருவாக்கிவிடவா?

பதில்: இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது கணினியோடு இணைந்து திறந்திருக்கிறதா, என்று முதலில் பாருங்கள். ஆகாவிட்டால் அந்த இடத்தில் இருப்பது வெறும் காலி டைரக்டரி. அதில் மார்க்கரை வைத்தால், படங்களையெல்லாம் நீங்களே அழித்துவிட்டதாக சிங்க்திங் எடுத்துக்கொள்ளும். மற்ற கணினிகளிலும் அழித்துவிடும். அந்த எர்ரர் உங்கள் படங்களைக் காக்கத்தான் வந்திருக்கிறது. டிஸ்கை மவுண்ட் செய்து 'ரீஸ்கேன்' கொடுத்தால் தானே சரியாகிவிடும்.

டிஸ்க் இருக்கிறது, படங்களும் அப்படியே இருக்கின்றன, மார்க்கர் மட்டும் காணோம் என்றால்தான் நீங்கள் உருவாக்கலாம். காலி டைரக்டரிகளைத் துடைக்கும் கிளீனர் புரோகிராம்கள் மார்க்கரையும் சேர்த்து அழித்துவிடும்.

கையோடு 'ஃபைல் வெர்ஷனிங்' போட்டு வையுங்கள், எல்லாக் கணினியிலும். வேறு கணினியிலிருந்து வரும் மாற்றத்துக்கு மட்டுமே அது பழைய பிரதியை எடுத்து வைக்கும். அந்தக் கணினியிலேயே நீங்கள் அழித்தது அதில் கிடைக்காது. தனியாக பேக்கப்பும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ஒரு ஃபைலைச் சேமித்தால் மறு பக்கம் போக ஒரு மணி நேரம் ஆகிறதே?

பதில்: அந்த ஒரு மணி நேரம்தான் துப்பு. முழு ஸ்கேனுக்கான இயல்பான இடைவெளி 3600 விநாடி. ஃபைல் மாறினால் உடனுக்குடன் சொல்லும் ஐநோட்டிஃபை என்ற லினக்ஸ் கர்னல் வசதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சப்-டைரக்டரிக்கும் ஒரு 'வாட்ச்' (கண்காணிப்புப் பதிவு) தேவை; கர்னல் வரம்பு தீர்ந்தால் கண்காணிப்பு நின்றுவிடும். கர்னல் வரம்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் அமைப்பில் 'மேக்ஸ் யூசர் வாட்சஸ்' அளவை 204800 ஆக்கி, சிங்க்திங்கை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டர் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் வேறு சர்வரின் டிஸ்கைப் பயன்படுத்தும் முறை) வழியாக வருகிறது என்றால் இது உதவாது: சர்வர் பக்கம் நடக்கும் மாற்றம் உங்கள் கர்னலுக்குத் தெரியவே தெரியாது. அங்கே ஸ்கேன் இடைவெளியைக் குறைப்பதுதான் வழி.

கேள்வி: லாக் அவுட் செய்தால் சிங்க் நின்றுவிடுகிறது.

பதில்: சிங்க்திங் யூசர் சர்வீஸாக ஓடுகிறது, நீங்கள் லாக் அவுட் ஆனால் அதுவும் நின்றுவிடும். 'லாகின்சிடிஎல்' கட்டளையில் உங்கள் யூசருக்கு 'எனேபிள்-லிங்கர்' கொடுங்கள், லாக் அவுட் ஆனாலும் ஓடும்.

கேள்வி: பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீபாஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று இன்னொன்று முளைத்திருக்கிறது. அழித்துவிடலாமா?

பதில்: திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள், புதிதாகச் சேர்த்த பாஸ்வேர்டு அதில் மட்டும் இருக்கலாம். இரண்டு கணினியும் தொடர்பில் இல்லாதபோது இரண்டிலும் ஃபைல் மாறியிருக்கிறது. மாற்ற நேரம் பழையதாக உள்ள பிரதிக்குத்தான் இந்தப் பெயர் விழும். கடைசியில் உள்ள ஏழு எழுத்து, அதைக் கடைசியாக மாற்றிய கணினியின் ஐடியின் தொடக்கம். கீபாஸ் ஃபைல்களைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி புரோகிராமில் மூல ஃபைலைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ்' கொடுத்து இதைச் சேருங்கள். பதிவுகள் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு அழிக்கலாம். இரண்டு கணினியின் கடிகாரத்தையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒன்று முந்தி ஓடினால் பழைய பிரதியே புதியது என்று ஜெயித்துவிடும்.