பூக்கிறது, காய் நிற்கவில்லை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தென்னந்தோப்பில் ஊடுபயிராக 40 ஜாதிக்காய் நாற்றுகள் நட்டு 7 ஆண்டுகள் ஆகின்றன. 22 மரங்கள் காய்க்கின்றன. மீதி 18 மரங்கள் கொத்துக்கொத்தாகப் பூத்தும் காய் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா? வெட்டிவிடலாமா?
- ஆனைமலை வாசகர்

பதில்: உரத்தில் குறையில்லை. அந்தப் பதினெட்டும் ஆண் மரங்களாக இருக்கும். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆணாகத்தான் வரும். முதல் பூ வர 5 முதல் 8 ஆண்டுகள் ஆகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று தோட்டத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. இலையின் அகலத்தையும் விதையின் கூர்மையையும் காட்டி ‘பெண் நாற்று’ என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

கத்தியை எடுக்கும் முன் பூவைச் சோதியுங்கள். ஒவ்வொரு மரத்திலும் நாலைந்து பூக்களைப் பறித்து பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். பெண் பூ அடிப்பகுதி பருத்திருக்கும், உள்ளே முட்டை வடிவில் சூற்பை தெரியும். ஆண் பூ ஒல்லியானது. நடுவில் மகரந்தம் தாங்கும் ஒரு தண்டு மட்டும் நிற்கும். ஆண் மரத்தில் எப்போதாவது ஓரிரு காய் பிடிப்பதுண்டு. அதை வைத்துப் பெண் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆண் என்று உறுதியானாலும் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் என்பது கணக்கு. உங்கள் 22 மரங்களுக்கு மூன்று போதும். மூன்றும் ஒரே மூலையில் இல்லாமல் தோப்பில் பரவலாக நிற்கட்டும். ஜாதிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது பெரும்பாலும் சிறு வண்டுகள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடித்தால் அவை செத்துப்போகும், பிறகு பெண் மரத்திலும் காய் குறையும்.

மற்ற 15 மரங்களைப் பெண்ணாக மாற்றலாம். கோடை வெயில் தணிந்ததும் மரத்தின் மேற்பகுதியை வெட்டுங்கள். ஒன்றிரண்டு பக்கக் கிளைகளை மட்டும் வேருக்கு உணவு போக விட்டுவையுங்கள். வெட்டுவாயில் பூஞ்சை தாக்காமலிருக்க போர்டோ பசை தடவ வேண்டும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். துளிர்க்கும் போத்துகளில் (புதுக்கிளைகளில்) திடமான மூன்று நான்கை வைத்துக்கொண்டு, நன்றாகக் காய்க்கும் பெண் மரத்தின் மொட்டை (பூமொட்டு அல்ல, கிளையாகத் துளிர்க்கும் மொட்டு) அவற்றில் ஒட்டி பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுங்கள். ஒரு மாதம் கழித்தும் மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேலுள்ள போத்தை நறுக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது மொட்டு எடுக்கும் இடத்தில்தான். பக்கக் கிளையிலிருந்து எடுத்த மொட்டு உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் படரும். அதுவும் காய்க்கும், ஆனால் தென்னைக்கு நடுவே இடைஞ்சல். நேராக வளர வேண்டுமானால் தாய்மரத்தில் நிமிர்ந்து வளரும் போத்திலிருந்தே எடுங்கள். அத்தகைய போத்துகள் ஒரு மரத்தில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் முன்கூட்டியே குறித்து வையுங்கள். விட்டுவைத்த ஆண் கிளைகளை ஒட்டு நன்கு தழைத்த பிறகு கழித்துவிடுங்கள்.

கேள்வி: பெண் ஒட்டுக்கன்றுகள் மட்டும் நட்டால் போதாதா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இருந்தால் போதும். இல்லையென்றால் பத்துக்கு ஒன்று வீதம் ஆண் ஒட்டையும் சேர்த்து வாங்குங்கள். பூத்ததிலிருந்து காய் வெடிக்க ஏறக்குறைய 9 மாதம் ஆகும், அதனால் முதல் பூவைப் பார்த்ததுமே காய் இல்லையே என்று பதற வேண்டாம்.

கேள்வி: வரப்பில் பனை வைக்க ஆசை. நுங்குக்காகப் பெண் பனை மட்டும் வளர்க்க முடியுமா?
- விளாத்திகுளம் வாசகர்

பதில்: முடியாது. அலகுப் பனையா (ஆண்), பருவப் பனையா (பெண்) என்பது பாளை விட்ட பிறகுதான் தெரியும். அதற்கு 12 முதல் 15 ஆண்டுகள், சில இடங்களில் இன்னும் கூடுதலாக ஆகும். நுங்கு பருவப் பனையில்தான், ஆனால் பதநீர் இரண்டிலும் இறக்கலாம். தேவைக்கு இரட்டிப்பாக விதையுங்கள். விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பிறகே இலை விடும். பிடுங்கி நட்டால் அந்த முளை அறுந்து கன்று பட்டுப்போகும்.