முதல் தடவை புறா வெறுமனேதான் திரும்பியது

அன்பின் ஐயா,

மட்டக்களப்பில் ஒரு மிஷன் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து, இந்த வருடம்தான் எங்கள் மண்டபத்தில் திரும்ப ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். தலைப்பு 'நம்பிக்கையின் சிறகுகள்'. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெள்ளைப் புறா வரைந்திருக்கிறார்கள். நோவாவின் புறா என்பதால் எங்கள் பாடசாலைக்கும் பொருத்தம். தரம் எட்டுப் பையன் ஒருவன் மட்டும் தன் அம்மம்மா வெறும் காஸ் சிலிண்டரின் மேல் குந்தியிருப்பதை வரைந்தான். நல்ல படம், ஆனால் தலைப்புக்குச் சேராது என்கிறது குழு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. விழாவில் கூத்து வைக்கலாமா? 1814 இலிருந்து தொடரும் மிஷன் கல்வி மரபைப் பற்றி மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி தருவீர்களா?

ஒரு சித்திர ஆசிரியை

*

அன்பின் மகள்,

கூத்து வையுங்கள், யார் தடுத்தது? ஆனால் நல்ல அண்ணாவியார் ஒருவரைப் பிடித்து ஒழுங்காகப் பழக்குங்கள். இரண்டு கிழமையில் சல்லாரியும் சதங்கையும் வாடகைக்கு எடுத்து ஆடுவது கூத்தில்லை. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்ததும் அடுத்த வருடமே இங்கே இறந்துபோனதும் எல்லா மலரிலும் இருக்கிறது. இன்னொருவர் எழுதித் தருவார்.

நான் அந்த அம்மம்மாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. விடிந்து பார்த்தால் ஊரில் தென்னைகள் இருந்தன, தலைகள் இல்லை. மைல் கணக்கில் நட்டுவைத்த உலக்கைகள். நானும் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது வகுப்புக்குக் கூரையில்லை, அண்ணாந்தால் வானம். சித்திர சேர் நனைந்த பழைய டாப்புக் கொப்பிகளை வெயிலில் காயவைத்து, தாள்களைக் கிழித்து, எழுதாத பக்கத்தைத் தந்தார். வண்ணம் ஏது, அடுப்புக்கரிதான். "கண்டதைக் கீறுங்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் எங்கள் வளவில் நின்ற பதினொரு மொட்டைத் தென்னைகளைக் கீறினேன். சேர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நாளில் நிவாரணம் தந்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று படங்களைச் சுவரில் ஒட்டினார்கள். பொறுப்பில் இருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, தென்னைக்குத் தலையை வை. வாற ஆக்களுக்கு மனம் நோகும்" என்றார். கையில் ஒரு பச்சைப் பென்சிலும் தந்தார். நான் தலை வைத்தேன். பதினொன்றுக்கும் வைத்தேன், இரண்டில் குரும்பை கூடப் போட்டேன். இரண்டாம் பரிசு கிடைத்தது, வண்ணப்பெட்டி. அந்தத் தகரப்பெட்டியில் இப்போது மனைவி ஊசி நூல் வைத்திருக்கிறா. போன கிழமை பொத்தான் தைக்க எடுத்தபோதுதான் இதெல்லாம் கிளம்பியது. மூன்றாம் நாள் உங்கள் கடிதம். சித்திர சேர் என்னை ஏசவே இல்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது உங்களை ஏசுகிறேன். நோவாவின் புறா என்று எழுதுகிறீர்களே, வேதாகமம் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்தை யாராவது முழுதாக வாசித்தீர்களா? நோவா முதலில் விட்டது புறாவை அல்ல, காகத்தை! அது போகிறதும் வருகிறதுமாக இருந்தது. பிறகுதான் புறா. அந்தப் புறாவும் முதல் தடவை கால் வைக்க இடமில்லாமல் வெறுமனே திரும்பி வந்தது. நோவா கையை நீட்டி அதைப் பிடித்து உள்ளே எடுத்துக்கொண்டான். ஏன் இலை கொண்டு வரவில்லை என்று கேட்கவில்லை. ஏழு நாள் பொறுத்துத் திரும்ப விட்டபோதுதான் ஒலிவ இலை. நீங்கள் எல்லாப் பிள்ளைகளிடமும் இலையோடு வந்த புறாவையே கேட்கிறீர்கள். ஒலிவ மரத்தை நம் ஊரில் எந்தப் பிள்ளை கண்டது? வாவிக்கரையில் கொக்கு நிற்கிறது, நீர்க்காகம் சிறகு காயவைக்கிறது. அதை ஒரு பிள்ளையும் கீறவில்லையா? போருக்கும் புறா, சுனாமிக்கும் புறா, கொரோனாவுக்கும் முகக்கவசம் போட்ட புறா. அந்தப் பறவைக்கே களைத்திருக்கும்.

அந்த உயிர்த்த ஞாயிறன்று நம் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். உங்களிடம் படிக்கிறவர்களுக்கு அவர்கள் கூட்டாளிகள், அண்ணாமார், மச்சாள்மார். இந்தப் பிள்ளைகள் புறாவை வரைவது நம்பிக்கை வந்ததால் இல்லை மகள், ரீச்சரின் மனம் நோகக்கூடாது என்பதால். பிள்ளைகள் நம்மீது அவ்வளவு இரக்கம் உள்ளவர்கள். நான் பச்சைப் பென்சிலை வாங்கியதும் அதனால்தான். 1996 இல் இதே மட்டக்களப்பில் பிள்ளைகளின் மனக்காயம் ஆற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியபோது, போருக்குள் வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் களிமண்ணையும் வண்ணத்தையும் கொடுத்தார்கள். அந்தப் பாடம் நம் ஊரிலேயே கிடக்கிறது, நீங்கள் எங்கேயோ தேடுகிறீர்கள்.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அப்போது காஸ் வரிசையில் அம்மம்மாவோடு நின்ற பொடியன் ஒருவன், இன்று ஒரு நல்ல தாள் கிடைத்ததும் அவவைக் கீறுகிறான். அவ எப்படிக் குந்தியிருந்தா என்று இத்தனை வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறான். இதைவிட வேறென்ன சிறகு வேண்டும் உங்களுக்கு?

சரி, கோபிக்காதீர்கள். 'நல்ல படம்' என்று எழுதினீர்களே, அதனால்தான் இவ்வளவு உரிமை எடுத்தேன். குழுவோடு சண்டை பிடியுங்கள். அந்தப் படத்தை மண்டபத்து வாசலுக்கு நேரே தொங்கவிடுங்கள், பொன்னாடைக்காரர் கண்ணில் முதலில் அது படட்டும். வாழ்த்துச் செய்தியை மறந்தே போனேன். இதிலிருந்து நாலு வரி வெட்டிப் போடுங்கள். காகத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

அந்தப் பொடியனிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அம்மம்மாவுக்கு அன்று காஸ் கிடைத்ததா?