செருப்படி மண்ணும் ஓர் ஆய்வேடும்

அன்புள்ள ஐயா,

நான் கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவைச் சேர்ந்தவள். தடய அறிவியல் முதுகலை இறுதியாண்டில் படிக்கிறேன். ‘கொலை வழக்குகளில் மண் தடயம்’ என்று ஆய்வுத் தலைப்பு கொடுத்தேன். அதை ஒரு ஆயுளில் முடிக்க முடியாது என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வழக்குப் பொருள்களும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. வேறு தலைப்புக்கு மாறிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாற வேண்டாம், சுருக்கிக்கொள்ளுங்கள். வழக்குப் பொருள் மாணவர் கைக்கு வராமலிருப்பதே முறை. காலையில் செங்கோட்டையில் பேருந்து ஏறி, புளியரை தாண்டி மலையேறிப் புனலூரில் இறங்கினால், வயல் மண், காட்டு மண், செம்பூராங்கல் (லேட்டரைட்) மண் மூன்றையும் ஒரே நாளில் மிதித்துவிடலாம். இந்த வசதி சென்னையில் படிப்பவருக்கு இல்லை.

ஆனால், மலைக்கு இப்புறத்து மண்ணா அப்புறத்து மண்ணா என்று கேட்டு ஆய்வை முடித்துவிடாதீர்கள். அதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1908இல் ஜெர்மனியில் மார்கரெத்தே ஃபில்பெர்ட் என்ற பெண்ணின் கொலையை ஆராய்ந்த கியோர்க் போப், சந்தேகத்துக்குரியவரின் காலணியில் ஒட்டியிருந்த மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்தார். அந்தக் காலணியைக் கொலைக்கு முந்தின இரவுதான் சந்தேகத்துக்குரியவரின் மனைவி துடைத்து வைத்திருந்தார். ஆகவே வீட்டு வாசலின் வாத்தெச்சம் அடியிலும், உடல் கிடந்த இடத்துச் செம்மணற்கல் துகள் அதற்கு மேலும், துப்பாக்கி கிடைத்த கோட்டையின் கரி, செங்கல் தூள், சிமெண்ட் அதற்கும் மேலும் இருந்த வரிசை, அவர் அன்று நடந்த வழியையே சொல்லிவிட்டது.

அந்த அடுக்கு எத்தனை காலடி வரை குலையாமல் நிற்கும் என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். ஒரே வகைச் செருப்புகளை வாங்கி, வயலில் நடந்து, பிறகு செம்பூராங்கல் மண்ணில் 50, 200, 500 காலடி என்று நடந்து, ஒட்டியதைச் சுரண்டி, காயவைத்து, மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் நிற அட்டையிலும் நுண்ணோக்கியிலும் பாருங்கள். எந்தச் செருப்பு எது என்பது பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. குறியீட்டைத் தோழி வைத்திருக்கட்டும். ஒரு வயலில் ஒரே பிடி மண் போதாது, வரப்பிலும் நடுவிலும் மடையருகிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே வயலுக்குள் மண் எவ்வளவு மாறுகிறது என்று அறியாதவர் ‘ஒத்துப்போகிறது’ என்று சொன்னால், குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிடம் தாங்கமாட்டார்.

இன்னொன்று: ஈர மண்ணைப் பாலிதீன் பையில் கட்டாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படிக் கட்டி வைத்த மாதிரிகள் முழுவதும் பூஞ்சை பிடித்து வெண்மையாகிக் கிடந்தன. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் ஒருமுறையும் மழைக்குள் ஒருமுறையும் நடந்து பாருங்கள். காய்ந்த புழுதி ஒட்டும் விதம் வேறு, சேறு ஒட்டும் விதம் வேறு.