தாய்ப்பாலை மனித உரிமை என்று ஐ.நா. சொல்வது தாய்மார்களைக் குற்றவாளி ஆக்காதா? அதனால் நம் நாட்டில் சாதாரணப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது?

ஏற்கெனவே பால் போதவில்லையே என்று மருகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் 'இது உன் பிள்ளையின் உரிமை' என்று சொன்னால் அவள் நொந்துதான் போவாள். அந்தக் கவலையோடுதான் கேட்டவர் இதைக் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்றால் அதை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் இன்னொருவர் இருக்க வேண்டும். இங்கே கடமைப்பட்டவர்கள் அரசும், மருத்துவமனையும், வேலை கொடுப்பவரும், பால் பவுடர் விற்கும் கம்பெனியும்தான். தாயும் பிள்ளையும் ஒரே பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பகுதியில் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதனால் பார்த்ததையும் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

1989-இல் நிறைவேறிய குழந்தை உரிமை உடன்படிக்கையில் 24-வது பிரிவு குழந்தையின் உடல்நலம் பற்றியது. பெற்றோர் உள்பட எல்லோருக்கும் தாய்ப்பாலின் நன்மை பற்றிய தகவல் கிடைக்க வேண்டும், அதைப் பயன்படுத்த ஆதரவும் கிடைக்க வேண்டும், அதற்கு அரசு பொறுப்பு என்கிறது அது. இந்தியா 1992-இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. பிறகு 2016 நவம்பரில் உணவு உரிமை, சுகாதார உரிமை ஆகியவற்றுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள், பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த பணிக்குழு, குழந்தை உரிமைக் குழு எல்லோரும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். தாய்ப்பால் ஊட்டுவது குழந்தை, தாய் இருவருக்குமான மனித உரிமை விஷயம் என்று அதில் சொன்னார்கள். பெண் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுப்பதை மதிக்க வேண்டும் என்பதையும் அதே அறிக்கையில் வைத்தார்கள். கொடுக்காத தாயைத் தண்டிக்கச் சொல்லும் வரி எதுவும் அதில் கிடையாது.

இந்த உரிமைப் பேச்சு ஐ.நா. அறைகளில் பிறக்கவில்லை. 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் எழுந்து, இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தை உணவாகப் பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று பேசினார். அந்தப் பாலை விற்ற கம்பெனியின் தலைவரே அந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார் என்பார்கள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் பிரசவ வார்டுகளுக்கு நர்ஸ் உடை உடுத்திய விற்பனைப் பெண்கள் இலவச டப்பாவோடு வந்துகொண்டிருந்தார்கள். டப்பா தீரும்போது தாயிடம் பால் வற்றியிருக்கும். அப்புறம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

1977-இல் அமெரிக்காவில், பால் பவுடர் விற்ற நெஸ்லே கம்பெனியின் பொருட்களை வாங்க மாட்டோம் என்ற புறக்கணிப்பு தொடங்கியது. 1979-இல் பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து குழந்தை உணவு விற்பனையைக் கண்காணிக்க ஐபிஃபான் என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருட்களை எப்படி விற்கலாம், எப்படி விற்கக் கூடாது என்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பை ஏற்றது. ஆதரவாக 118 ஓட்டு, எதிராக ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நம் அங்கன்வாடிகளில் கொண்டாடும் தாய்ப்பால் வாரமும் இந்த இயக்கத்தின் தொடர்ச்சிதான். 1992 முதல் அதை நடத்திவரும் வாபா என்ற உலகத் தாய்ப்பால் கூட்டமைப்பின் தலைமையகம் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் பினாங்கில் இருக்கிறது.

அந்த விதித்தொகுப்பை வெறும் பரிந்துரையாக விடாமல் கடுமையான சட்டமாக்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதில் எனக்கு நிஜமான பெருமை உண்டு. 1992-இல் வந்த சட்டத்தை 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டி எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படமோ தாயின் படமோ போடக் கூடாது. இலவச மாதிரி தரக் கூடாது. டாக்டருக்குப் பரிசு கொடுக்கக் கூடாது, அவர்களுடைய மாநாட்டுக்குச் செலவும் செய்யக் கூடாது. நம் டிவியில் சோப்புக்கும் டயபருக்கும் கொழுகொழு குழந்தைகள் வருகிறார்கள், பால் பவுடர் டப்பாவோடு வருவதில்லை. அதற்குக் காரணம் இந்தச் சட்டம். மீறினால் புகார் கொடுக்கத் தன்னார்வ அமைப்புகளுக்கும் சட்டம் இடம் தருகிறது. 1991-இல் வார்தாவில் தொடங்கிய பிபிஎன்ஐ என்ற தாய்ப்பால் ஆதரவு அமைப்பு, எங்கள் மும்பையின் ஆகாஷ் என்ற நுகர்வோர் அமைப்பு போன்றவை அப்படி அதிகாரம் பெற்றவை. ஆனால் தண்டனை மூன்று வருடம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய் எந்தக் கம்பெனிக்கு உறைக்கும்? சட்டத்தில் உடனே மாற்ற வேண்டியது இதுதான் என்பேன்.

சரி, சட்டம் இருக்கிறது. வார்டுக்குள் என்ன நடக்கிறது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டரும் நர்ஸும் கூடவே இருக்கும் இடத்தில்தான் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் மணி நேரம் நழுவிப் போகிறது. அதற்கு எந்தத் தாயைக் குறை சொல்வீர்கள்?

என் தம்பி மனைவிக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சிசேரியன். அவள் கண் விழித்துப் பிள்ளையைக் கேட்பதற்குள் பக்கத்து அறையில் பிள்ளைக்கு பவுடர் பால் ஊட்டியாகிவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு நிறைந்த பிள்ளை தூங்கியது, மார்பில் வைத்தால் சப்பவில்லை. பிள்ளை சப்பச் சப்பத்தானே பால் ஊறும்? நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் மருந்துகளோடு பால் பவுடர் பெயரும் எழுதியிருந்தது. "எனக்குப் பால் பத்தல மதினி" என்று அவள் அழுத அழுகை இருக்கிறதே! பத்தாமல் இல்லை, பத்துவதற்கு வழி விடவில்லை. பிறகு பிள்ளையை எந்நேரமும் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, வாய் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்து, பவுடரை மெல்ல மெல்லக் குறைத்து, தாய்ப்பாலுக்குக் கொண்டுவந்தோம். அந்த உதவி முதல் நாளே அந்த நர்சிங் ஹோமில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும். மனித உரிமை என்று நான் சொல்வது இதைத்தான்.

வீட்டுப் பெரியவர்களும் சில நேரம் குறுக்கே நிற்பார்கள். சேனை தொட்டு வைப்பது, சீனித்தண்ணி, சிலர் கழுதைப்பால்கூட. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன ஆச்சிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால் ஆச்சிகள் கேட்டுக்கொள்கிறார்கள். அதே ஆச்சிதான் மறுநாள் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்துகொண்டு வந்து நிற்பாள். கம்பெனியோடு அப்படித் திண்ணையில் உட்கார்ந்து பேச முடியாது. அங்கே சட்டம்தான் வேண்டும்.

பவுடர் பாலே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அது தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. தாய் இறந்துபோன வீடுகள் உண்டு, பால் கொடுக்கக் கூடாத சில மருந்துகளில் இருக்கும் தாய்மார்களும் உண்டு. அவர்களுக்குச் சுத்தமான, சரியான அளவில் கலந்த பால் கிடைப்பதும் உரிமைதான். ஆனால் எங்கள் தெருக்களில் என்ன ஆகிறது தெரியுமா? பவுடர் கிருமி நீக்கிய பொருள் கிடையாது. அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குறைந்தது 70 டிகிரி சூட்டில் இருக்கும்போதே கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே குழாயில் சில மணி நேரம் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துப் புழங்குகிறோம். டப்பா விலை தாங்காமல் மூன்று கரண்டிக்குப் பதில் இரண்டு போட்டு, ஒரு டப்பாவை மாதக் கடைசி வரை இழுக்கிறார்கள். பிள்ளைக்கு வயிறு நிறைகிறது, உடம்பு தேறுவதில்லை. கூடவே வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலைப் போதிய அளவுக்கு உலகம் முழுவதும் பரவலாக்கினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தடுக்கலாம் என்று 2016-இல் லான்செட் ஆய்வுத் தொடர் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் வருவது பெரும்பாலும் எங்கள் தெரு போன்ற இடங்களின் பிள்ளைகள்தான்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சயான் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வராது. 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது அந்த மாநகராட்சி மருத்துவமனையில்தான். தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். பால் மிச்சமாகச் சுரக்கும் தாய்மார்கள் கொடுப்பதைச் சோதித்து, 62.5 டிகிரியில் முப்பது நிமிடம் சூடாக்கி, குளிரில் வைத்து, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் தாய் உடல்நலம் இல்லாத பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். கொடுப்பவளுக்கும் பெறுபவளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. மராத்திக்காரி கொடுத்த பாலில் தமிழ்ப் பிள்ளை தேறியிருக்கும், நம் பெண் கொடுத்தது பீகார்ப் பிள்ளைக்குப் போயிருக்கும். கூட்டம் பிதுங்கும் ஓர் அரசு ஆஸ்பத்திரியால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் வசதியில்லை என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நீதிமன்றங்களும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. பெங்களூரு மருத்துவமனையில் திருடப்பட்டு வேறொரு வீட்டில் வளர்ந்த குழந்தை பற்றிய வழக்கில், 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாலூட்டுவது தாயிடமிருந்து பறிக்க முடியாத உரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு அதைக் காக்கிறது என்றது. பிள்ளைக்குப் பால் கிடைக்கும் உரிமையையும் தாயின் உரிமையோடு சேர்த்தே பார்க்கச் சொன்னது. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-இல் பாலூட்டும் அறைகள் வந்தன. ஊருக்குப் போகிற தாய்மார்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று கைப்பிள்ளையோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். எல்லா அறைகளும் சுத்தமாகத் திறந்திருக்கின்றனவா என்றால், இல்லை. கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் உணவும் இந்த உரிமைக்குள் வரும். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பும் ஐபிஃபானும் ஆராய்ந்து சொன்னதைப் பலர் படித்திருப்பீர்கள். இந்தியாவில் விற்ற செரிலாக் வகைகளில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சேர்த்த சர்க்கரை இருந்தது, ஐரோப்பாவில் விற்றதில் இல்லை. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தச் சர்க்கரை? கேப்பைக்கூழும் பருப்புச்சோறும் மசித்த பழமும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

கடைசியாக, எனக்கு மிகவும் மனசு கொதிக்கும் இடம். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தம் கேட்பது 14 வாரம்தான், அதைவிட நம்முடையது நீளம். ஆனால் தாராவியிலிருந்து மாதுங்காவுக்கும் சயானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதில் ஒரு நாள்கூடக் கிடையாது. விடிகாலையில் இட்லி அவித்துத் தலைச்சுமையாக விற்கப் போகிறவளுக்கும் கிடையாது. அரசு தரும் மகப்பேறு உதவித்தொகை முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று அவளிடம் சொல்லும் வேலை என்னுடையது. இரண்டாம் மாதமே வேலைக்குப் போகாவிட்டால் இடம் போய்விடும் என்று அவள் பதில் சொல்வாள். அவள் சொல்வதுதான் உண்மை. பாலைப் பீய்ச்சி மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போ, நாலு மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல் என்று கற்றுக்கொடுக்கிறேன். சிலருக்கு அது கைகொடுக்கிறது.

இந்தத் தளத்தில் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பீர்கள். மாதுங்காவில் ஒரு கட்டடத்தில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு, தங்களிடம் வேலை செய்த பெண்ணுக்கு ஆறு மாதமும் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுத்தார்கள். அதுவரை அவளுடைய தங்கை பாதி வேலையைப் பார்த்தாள், மீதியை வீட்டுக்காரர்களே பகிர்ந்து செய்துகொண்டார்கள். உங்கள் வீட்டுக்கு வரும் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நீங்களே முதலில் பேச்சை எடுங்கள்.